ஐந்து ஒலிம்பிக்ஸ், மூன்று ஜோடி, இரண்டு கொடி

0.43.

அரைப் புள்ளி கூட இல்லை. 2018 பிப்ரவரி 15, தென்கொரியாவின் பியோங்சாங் குளிர்கால ஒலிம்பிக்ஸ். ஜோடி ஃபிகர் ஸ்கேட்டிங்கில் தங்கத்துக்கும் வெள்ளிக்கும் நடுவில் இருந்த வித்தியாசம் இவ்வளவுதான். ஜெயித்தவர்கள் அல்யோனா சாவ்சென்கோ, ப்ரூனோ மாஸோ. ஜெர்மனிக்காக ஆடினார்கள். அந்தப் பெண் பிறந்தது உக்ரைனில், அந்த ஆண் பிறந்தது பிரான்ஸில். இரண்டு பேருமே பிறப்பால் ஜெர்மானியர் இல்லை. ஆனால் ஜெர்மனி 1952க்குப் பிறகு, அதாவது 66 வருடம் கழித்து, இந்தப் பிரிவில் வாங்கிய தங்கம் அதுதான். 1952ல் வாங்கியவர்கள் ரியா ஃபால்க், பால் ஃபால்க் என்ற கணவன் மனைவி.

இந்தப் பதிவு அந்த அல்யோனாவைப் பற்றி. பார்க்க விளையாட்டுப் பதிவு மாதிரி இருக்கும். ஆனால் நம்மை மாதிரி ஊர் விட்டு ஊர் வந்து, பாஸ்போர்ட், விசா, மொழித்தேர்வு, அப்பாயிண்ட்மெண்ட் என்று பாதி வாழ்க்கையை வரிசையில் நின்று கழித்தவர்களுக்கு இது வேறு கதை. இவர் வாங்கிய மெடல்களை நிறையப் பேர் எழுதியிருக்கிறார்கள். அந்த மெடல்களுக்குப் பின்னால் இருந்த காகிதங்களைப் பற்றித்தான் நான் எழுத நினைத்தேன். (பேங்க் ஆள், காகிதம்தானே கண்ணில் படும்!)

முதலில் ஆட்டம் என்னவென்று பார்த்துவிடுவோம்

ஃபிகர் ஸ்கேட்டிங்கில் ஆண் தனி, பெண் தனி, ஜோடி, ஐஸ் டான்ஸ் என்று நான்கு பிரிவு. ஜோடியும் ஐஸ் டான்ஸும் பார்க்க ஒரே மாதிரி இருக்கும், ஆனால் ஒன்றில்லை. ஜோடியில்தான் ஆண் பெண்ணைத் தலைக்கு மேலே ஒற்றைக் கையில் தூக்கிக்கொண்டு பனியில் வட்டமடிப்பார். பெண்ணைத் தூக்கி வீசுவார், அவர் காற்றில் மூன்று சுற்று சுற்றி ஒற்றைக் காலில், சுமார் நான்கு மில்லிமீட்டர் அகல இரும்புப் பட்டையில் இறங்குவார். அப்புறம் இரண்டு பேரும் பக்கத்தில் பக்கத்தில் ஒரே நேரத்தில் ஒரே மாதிரி குதிக்க வேண்டும். இரண்டு நாள் போட்டி. முதல் நாள் சின்ன ஆட்டம், அடுத்த நாள் பெரிய ஆட்டம். இரண்டையும் கூட்டித்தான் ரிசல்ட்.

இந்த ஆட்டத்தில் தனித்திறமை என்று ஒன்று தனியாக நிற்காது. எவ்வளவு பெரிய ஆளாக இருந்தாலும் பார்ட்னர் போய்விட்டால் மறுநாள் போட்டியில் பெயர் இல்லை. கல்யாணத்துக்கு வரன் தேடுவதை விடக் கஷ்டம். உயரம், எடை, குதிக்கும் பக்கம், பயிற்சியாளர், பணம் எல்லாம் பொருந்த வேண்டும். கடைசியில் கொடியும் பொருந்த வேண்டும்.

இன்னொரு வரலாறும் தெரிந்துகொள்ள வேண்டும். 1964 முதல் 2006 வரை தொடர்ந்து 12 ஒலிம்பிக்ஸில் ஜோடித் தங்கம் சோவியத் யூனியனுக்கு அல்லது அதன் வாரிசு அணிகளுக்குத்தான் போனது. (2002ல் மட்டும் நடுவர் ஊழல் வெளியே வந்து கனடா ஜோடிக்கும் சேர்த்துக் கொடுத்தார்கள். இப்போதிருக்கும் புள்ளி முறையே அந்த ஊழலுக்குப் பிறகு வந்ததுதான்.) 2010ல் சீனாவின் ஷென் ஷுவே, ஜாவ் ஹோங்போ ஜோடிதான் அந்தச் சங்கிலியை அறுத்தார்கள். சோவியத் யூனியன் 1991ல் உடைந்தபோது அந்தப் பயிற்சி முறை, பயிற்சியாளர்கள், பனி அரங்குகள் எல்லாம் பல நாடுகளுக்கு நடுவே சிதறிப் போயின. அல்யோனா அந்தச் சிதறலில் வளர்ந்த குழந்தை.

ஒபுகிவ்

அல்யோனா 1984 ஜனவரி 19ல் பிறந்தார். ஊர் ஒபுகிவ், கீவ் நகரத்துக்குத் தெற்கே இருக்கும் சிறிய ஊர். முதலில் ஸ்கேட்டிங் செய்தது ஊர்ப் பக்கத்தில் குளிரில் உறைந்த ஏரியில். சொல்லிக்கொடுத்தது அப்பா. முறையான பயிற்சிக்குக் கீவ் போக வேண்டும். சின்னக் குழந்தையை விடியும் முன்னே எழுப்பி வண்டி ஏற்றிக் கூட்டிப் போகும் அப்பா அம்மாக்களை நமக்கும் தெரியும். நீச்சல், செஸ், பரதம், வயலின் என்று பெயர்தான் மாறும்.

ஸ்டானிஸ்லாவ் மொரோசோவ் என்பவரோடு ஜோடி சேர்ந்து 2000 மார்ச்சில் உலக ஜூனியர் சாம்பியன் ஆனார். அப்போது வயது 16. அந்தப் போட்டி நடந்த இடம் தெற்கு ஜெர்மனியில் ஆல்ப்ஸ் அடிவாரத்தில் உள்ள ஓபர்ஸ்ட்டார்ஃப். இந்தப் பெயரை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் வரும்.

2002 சால்ட்லேக் சிட்டி ஒலிம்பிக்ஸில் உக்ரைனுக்காக ஆடி 15வது இடம். அதன் பிறகு மொரோசோவுக்கு அடிபட்டு ஜோடி பிரிந்தது. 18 வயதில், ஜூனியர் உலகச் சாம்பியன், ஒலிம்பிக்ஸ் ஆடியவர், ஆனால் ஆட ஆள் இல்லை.

கெம்னிட்ஸ்

2003ல் அல்யோனா ஜெர்மனிக்கு வந்தார். 19 வயது. வந்த ஊர் கெம்னிட்ஸ், பழைய கிழக்கு ஜெர்மனியின் தொழில் நகரம். அங்கே இங்கோ ஸ்டாயர் என்ற பயிற்சியாளர் இருந்தார். அவரே 1997ன் உலகச் சாம்பியன், 1998 ஒலிம்பிக்ஸ் வெண்கலம். அவரிடம் ராபின் சோல்கோவி என்ற ஆட்டக்காரர் பார்ட்னர் இல்லாமல் இருந்தார்.

சோல்கோவியின் கதையும் சாதாரணமில்லை. 1979ல் கிழக்கு ஜெர்மனியின் கிரைஃப்ஸ்வால்ட் நகரில் பிறந்தவர். அம்மா ஜெர்மானியர், அப்பா மருத்துவம் படிக்க வந்த தான்சானியாக்காரர். பிறந்தது முதல் ஜெர்மன்தான் பேசினாலும், "எந்த ஊரு நீங்க?" என்ற கேள்வியை வாழ்நாள் முழுக்கக் கேட்டிருப்பார். நம் பிள்ளைகளுக்கு இது புரியும்.

இப்படி ஒரு உக்ரைன் பெண்ணும் ஒரு கறுப்பு ஜெர்மானியரும் ஜெர்மன் சட்டையில் பனியில் இறங்கினார்கள்.

2006 டூரின் ஒலிம்பிக்ஸ் வரும்போது இரண்டு சிக்கல். ஒன்று, அல்யோனாவுக்கு ஜெர்மன் குடியுரிமை வேண்டும். ஒலிம்பிக்ஸுக்குச் சில வாரம் முன்புதான் கைக்கு வந்தது. இரண்டாவது, பயிற்சியாளர் ஸ்டாயர் 1980களில் கிழக்கு ஜெர்மனியின் உளவுத்துறையான ஸ்டாசிக்குத் தகவல் கொடுத்தவர் என்று அந்தச் சமயத்தில் வெளியே வந்தது. ஜெர்மன் ஒலிம்பிக் கமிட்டி அவரை அணியிலிருந்து நீக்கியது. அவர் நீதிமன்றம் போய் இடைக்கால உத்தரவு வாங்கி டூரின் வந்தார். ஜோடிக்கு ஆறாவது இடம்.

அதற்குப் பிறகு அரசுப் பணத்தில் ஸ்டாயருக்குச் சம்பளம் கிடையாது. உலகச் சாம்பியன்களின் பயிற்சியாளருக்கு அரசு சம்பளம் தராது, ஆட்டக்காரர்களே பார்த்துக்கொள்ள வேண்டும். ஜோடி அவரை விட்டுப் போகவில்லை. அது சரியா தவறா என்று ஜெர்மனியில் பல வருடம் பேசினார்கள். கண்காணிப்பால் வாழ்க்கை இழந்தவர்கள் அங்கே ஏராளம், அவர்களுடைய கோபம் நியாயமானது. ஆனால் 2003ல் ஒரு பையோடு வந்து இறங்கிய 19 வயதுப் பெண்ணுக்கு அந்த நாட்டில் இருந்த ஒரே பிடிமானம் அந்தப் பயிற்சியாளர்தான் என்பதும் உண்மை. வந்தேறி ஒருவர் ஒரு நாட்டுக்குள் நுழையும்போது அந்த நாட்டின் பழைய கணக்கு வழக்குகளுக்குள்ளும் சேர்த்துத்தான் நுழைகிறார். நுழையும்போது யாரும் அதைச் சொல்லித் தருவதில்லை.

மெடல் வரிசை இதோ. ஐரோப்பியச் சாம்பியன் 2007, 2008, 2009, 2011. உலகச் சாம்பியன் 2008ல் கோதன்பர்க், 2009ல் லாஸ் ஏஞ்சலஸ், 2011ல் மாஸ்கோ, 2012ல் நீஸ், 2014ல் சைதாமா. ஐந்து முறை. இதில் நீஸில் ஜெயித்தது வெறும் 0.11 புள்ளியில். ஆக அரைப் புள்ளிக்குள் ஜெயிப்பது இவருக்குப் புதிதில்லை.

ஜாயிண்ட் அக்கவுண்ட்

இங்கே விதியைக் கொஞ்சம் விளக்க வேண்டும். பேங்க் பாஷையில் சொன்னால் சுலபம்.

ஜாயிண்ட் அக்கவுண்ட் திறக்கும்போது ஃபாரத்தில் ஒரு கட்டம் இருக்கும். "இருவரில் ஒருவர்" என்று டிக் அடித்தால் ஒரு கையெழுத்து போதும். "இருவரும் சேர்ந்து" என்று டிக் அடித்தால் இரண்டு கையெழுத்தும் இல்லாமல் பத்து ரூபாய் எடுக்க முடியாது.

சர்வதேச ஸ்கேட்டிங் சங்கத்தின் உலகப் போட்டி, ஐரோப்பியப் போட்டி எல்லாம் முதல் வகை. ஜோடியில் ஒருவர் அந்த நாட்டுக் குடிமகனாக இருந்தால் போதும். மற்றவர் முன்பு வேறு நாட்டுக்கு ஆடியிருந்தால் அந்த நாட்டுச் சங்கம் எழுத்தில் விடுவிக்க வேண்டும், இடையில் ஒரு காத்திருப்புக் காலமும் உண்டு. ஒலிம்பிக்ஸ் இரண்டாவது வகை. இரண்டு பேரும் அந்த நாட்டுக் குடிமக்களாக இருந்தே ஆக வேண்டும். அதோடு வேறு நாட்டுக்கு ஆடியவர் என்றால் பொதுவாக மூன்று வருடம் கழிந்திருக்க வேண்டும்.

அதனால்தான் ஜோடி ஸ்கேட்டிங்கில் நான்கு வருடத்துக்கு ஒரு முறை திடீர் திடீரென்று குடியுரிமைச் செய்திகள் வரும். ஜப்பானில் பிறந்த யூகோ கவகுத்தி ரஷ்யாவுக்கு ஆட ஜப்பான் பாஸ்போர்ட்டையே விட்டார், ஜப்பானும் இந்தியா மாதிரி இரட்டைக் குடியுரிமை தராத நாடு. உக்ரைனின் தாத்யானா வோலோசோஜார் 2010ல் ரஷ்யாவுக்குப் போய் மாக்சிம் ட்ரான்கோவோடு சேர்ந்தார். இதில் ஒரு வேடிக்கை. அல்யோனாவை விட்டுப் பிரிந்த அதே மொரோசோவ்தான் இடைப்பட்ட வருடங்களில் வோலோசோஜாரின் பார்ட்னர். அந்த ஜோடியும் ஒரு கட்டத்தில் கெம்னிட்ஸுக்கே வந்து ஸ்டாயரிடம் பயிற்சி எடுத்தது. ஒரே பார்ட்னரோடு ஆடிய இரண்டு உக்ரைன் பெண்களில் ஒருவர் மேற்கே போனார், ஒருவர் கிழக்கே போனார். 2014 சோச்சியில் கிழக்கே போனவர் தங்கம் வாங்கினார், மேற்கே போனவர் வெண்கலம். உக்ரைன் கணக்கில் இரண்டும் சேரவில்லை.

"நாடு மாறியவங்க" என்று சொல்லும்போது பேச்சில் ஒரு இளக்காரம் வரும். நான் கோபாலபுரத்துக்காரன். பொள்ளாச்சி பாலக்காடு ரோட்டில், சோதனைச்சாவடி இருக்கிற ஊர். தென்னந்தோப்பு இரண்டு பக்கமும் ஒன்றுதான், காற்றும் ஒன்றுதான், நடுவில் மாநிலம் மாறிவிடும். 1956 நவம்பர் 1ல் மொழிவாரியாக மாநிலம் பிரித்தபோது தெற்கே நான்கு தாலுகாவும் செங்கோட்டையும் தமிழ்நாட்டுக்கு வந்தன. சித்தூர் தாலுகாவும், இடுக்கிப் பக்கம் தேவிகுளம், பீர்மேடும் கேரளாவில் நின்றன. வீட்டில் தமிழ், தாலுகா ஆபீஸில் மலையாளம், சந்தைக்குப் பொள்ளாச்சி, ரேஷனுக்குக் கேரளா. "நீங்க எந்தப் பக்கமுங்க?" என்று கேட்டால் எங்கள் ஊர்ப் பெரியவர்கள், "எந்தப் பக்கத்துல பேப்பர் இருக்குதோ அந்தப் பக்கமுங்க" என்று சிரிப்பார்கள். அது சமாளிப்பு இல்லை. எல்லையில் வாழ்கிறவனுக்குக் காகிதம் ஒன்று, மனசு ஒன்று, இரண்டும் பொய் இல்லை என்ற தெளிவு. அல்யோனாவின் கதை எனக்குச் சட்டென்று ஒட்டியதற்கு அதுதான் காரணம்.

வான்கூவரும் சோச்சியும்

2010 வான்கூவருக்கு அல்யோனாவும் சோல்கோவியும் இரண்டு முறை உலகச் சாம்பியன்களாகப் போனார்கள். வெண்கலம் வந்தது. தங்கமும் வெள்ளியும் சீனாவுக்கு.

2014 சோச்சிக்கு நான்கு முறை உலகச் சாம்பியன்களாகப் போனார்கள். பெரிய ஆட்டத்தின் கடைசியில் ஒரு பயங்கரமான அம்சம் வைத்திருந்தார்கள், வீசி எறியும் ட்ரிபிள் ஆக்ஸல். காற்றில் மூன்றரைச் சுற்று. ஆட்டம் முடியப்போகும் நேரம், உடம்பில் மூச்சே மிச்சம் இருக்காது. அப்போது அதைப் போட்டார்கள். அல்யோனா விழுந்தார். மறுபடியும் வெண்கலம்.

அதை விட்டுவிட்டு சுலபமான ஒன்றைப் போட்டிருக்கலாமே என்று தோன்றும். ஆனால் இவர் கணக்குப் பார்த்து ஆடும் ரகம் இல்லை. அந்தக் குதிப்பை விடவே மாட்டார். பின்னால் 2016ல் பாரிஸில் இதே குதிப்பில் விழுந்து கணுக்காலில் தசைநார் கிழிந்து சில மாதம் உட்கார வேண்டி வந்தது.

சோச்சி முடிந்த ஒரு மாதத்தில் சைதாமாவில் ஐந்தாவது உலகப் பட்டம். அத்தோடு சோல்கோவி ஓய்வு பெற்றார். அல்யோனாவுக்கு 30 வயது. எல்லோரும் அவரும் நிறுத்திவிடுவார் என்றுதான் நினைத்தார்கள். ஐந்து உலகப் பட்டம், இரண்டு ஒலிம்பிக்ஸ் வெண்கலம், போதாதா? அவருக்குப் போதவில்லை.

மாஸோ, அல்லது ஒரு பி1 தேர்வின் கதை

புது பார்ட்னராக அவர் தேர்ந்தெடுத்தது பிரான்ஸின் கான் நகரத்துக்காரர் ப்ரூனோ மாஸோ. 1989ல் பிறந்தவர், அல்யோனாவை விட ஐந்து வயது சின்னவர். உயரமான, பலசாலியான ஆள். ஆனால் பெரிய மெடல் எதுவும் அதுவரை இல்லை. ஜோடி ஓபர்ஸ்ட்டார்ஃபில் குடியேறியது. 16 வயதில் அல்யோனா ஜூனியர் பட்டம் வாங்கிய அதே ஊர். பயிற்சியாளர் அலெக்சாண்டர் கோனிக்.

இனி காகிதப் படலம்.

முதல் காகிதம் பிரெஞ்சுச் சங்கத்தின் விடுதலைக் கடிதம். அது சீக்கிரம் வரவில்லை. 2014-15 சீசன் முழுவதும் ஜோடி எந்தப் போட்டியிலும் ஆடவில்லை. தினமும் பயிற்சி மட்டும். 2015 இலையுதிர் காலத்தில்தான் கடிதம் கிடைத்தது. அதற்கு 30,000 யூரோ கேட்கப்பட்டதாக அப்போதே பத்திரிகைகளில் வந்தது.

இந்த 30,000 யூரோவைப் பற்றிப் பல பேர் கோபமாக எழுதினார்கள், ஆளை விற்பதா என்று. பி.காம். படித்தவன் என்ற முறையில் எனக்கு இன்னொரு பக்கமும் தெரிகிறது. ஒரு ஆட்டக்காரனை உருவாக்க ஒரு நாட்டுச் சங்கத்துக்குச் செலவு ஆகியிருக்கிறது. அவன் வேறு கொடிக்குப் போகும்போது பில் போடுவது அசிங்கமாக இருக்கலாம், அநியாயம் என்று சட்டென்று சொல்லிவிட முடியாது. நாமும் அரசுக் கல்லூரியில் சொற்ப ஃபீஸில் படித்துவிட்டுத்தான் வந்தோம். நமக்கு யாரும் பில் போடவில்லை. ஆனால் ஒபுகிவ் ஏரியில் கையைப் பிடித்துக் கற்றுக்கொடுத்த அப்பாவுக்கும் யாரும் பில் தொகை கொடுக்கவில்லை. மெடல் பட்டியலில் ஒரு நாட்டின் பெயர்தான் வரும், செலவு செய்தவர்கள் பல பேர் என்பதை மட்டும் மறக்கக்கூடாது.

கடிதம் வந்ததும் ஜோடி பறந்தது. 2016 ஐரோப்பிய வெள்ளி, அதே வருடம் பாஸ்டனில் உலக வெண்கலம், 2017ல் மறுபடி ஐரோப்பிய வெள்ளி, ஹெல்சிங்கியில் உலக வெள்ளி. இதெல்லாம் மாஸோ பிரெஞ்சுக் குடிமகனாக இருந்துகொண்டே ஜெர்மனிக்கு ஆடியது. "இருவரில் ஒருவர்" விதி.

ஒலிம்பிக்ஸுக்கு "இருவரும் சேர்ந்து" விதி. அதற்கு இரண்டாவது காகிதம், மாஸோவின் ஜெர்மன் குடியுரிமை. அதற்கு மொழித்தேர்வு பாஸ் ஆக வேண்டும்.

ஜெர்மனியில் இருக்கும் நம்மவர்களுக்கு இதைச் சொன்னாலே வயிற்றைக் கலக்கும். பேசுவது எப்படியோ ஓடிவிடும், எழுத்துத் தேர்வில் டெர், டீ, டாஸ் வந்து காலை வாரும். மாஸோவுக்கும் அதுதான் நடந்தது. காலையில் பனியில் ஒருவரைத் தலைக்கு மேலே தூக்கிப் பயிற்சி, மற்ற நேரம் இலக்கணம். ஒரு தடவையில் முடியவில்லை, மறுபடி எழுத வேண்டியிருந்தது. அவர் தேறாவிட்டால் அல்யோனாவின் ஐந்தாவது ஒலிம்பிக்ஸும் இல்லை. இருபத்தைந்து வருடத்துக்கு மேல் பனியில் இருந்தவரின் கடைசி வாய்ப்பு இன்னொருவரின் பரீட்சைத் தாளில் தொங்கிக்கொண்டிருந்தது. 2017 நவம்பர் கடைசியில் குடியுரிமை கிடைத்தது. ஒலிம்பிக்ஸுக்கு மூன்று மாதம் கூட இல்லை.

பிப்ரவரி 14, 15

பியோங்சாங்கில் முதல் நாள் சின்ன ஆட்டம். பக்கத்தில் பக்கத்தில் குதிக்க வேண்டிய மூன்று சுற்றுக் குதிப்பில் மாஸோ இரண்டு சுற்றோடு இறங்கிவிட்டார். 76.59 புள்ளி, நான்காவது இடம். முதலிடத்தில் சீனாவின் சுயி வென்ஜிங், ஹான் சொங் 82.39. வித்தியாசம் 5.80. அரைப் புள்ளியில் மெடல் மாறும் ஆட்டத்தில் இது பெரிய பள்ளம்.

மறுநாள் பெரிய ஆட்டம். இசை பிரெஞ்சு இசையமைப்பாளர் அர்மாண்ட் அமாருடையது. நடனம் அமைத்தது கிறிஸ்டோஃபர் டீன், 1984ல் ஐஸ் டான்ஸில் பொலேரோ ஆடித் தங்கம் வாங்கிய பிரிட்டன்காரர். உக்ரைன் பெண், பிரெஞ்சு ஆண், பிரெஞ்சு இசை, ஆங்கிலேயரின் நடனம், ஜெர்மன் கொடி, கொரியப் பனி.

அன்று ஒரு தவறும் இல்லை. கடைசியில் இசை நின்றதும் இரண்டு பேரும் பனியிலேயே சரிந்துவிட்டார்கள். 159.31, பெரிய ஆட்டத்தில் அன்றுவரை யாரும் எடுக்காத உலக சாதனை. மொத்தம் 235.90.

ஆனால் ஆட்டம் முடியவில்லை. முதல் நாள் முன்னால் இருந்த மூன்று ஜோடிகளும் இன்னும் ஆட வேண்டும். மூன்று ஜோடி ஆடி முடித்து மதிப்பெண் வரும்வரை உட்கார்ந்து பார்க்க வேண்டியதுதான். சுயி, ஹான் ஜோடியின் ஆட்டத்தில் சில தவறுகள். அவர்கள் பெரிய ஆட்டத்தில் எடுத்தது 153.08, மொத்தம் 235.47. கழித்துப் பாருங்கள். 0.43. வெண்கலம் கனடாவின் மேகன் டுஹாமல், எரிக் ராட்ஃபோர்டுக்கு.

அல்யோனாவுக்கு அப்போது 34 வயது. 2002ல் ஆரம்பித்து ஐந்தாவது ஒலிம்பிக்ஸில் முதல் தங்கம். அடுத்த மாதம் மிலானில் உலகப் பட்டமும் வாங்கினார்கள், மொத்தம் 245.84 என்ற புதிய சாதனையோடு. அல்யோனாவுக்கு ஆறாவது உலகப் பட்டம், மாஸோவுக்கு முதலாவது.

வயதைப் பற்றி ஒன்று. 2024ல் மாண்ட்ரியாலில் டியான்னா ஸ்டெல்லாட்டோ டூடெக் 40 வயதில் மாக்சிம் டெஷாம்ப்ஸோடு உலக ஜோடிப் பட்டம் வாங்கினார். அவரும் அமெரிக்காவில் பிறந்து கனடாவுக்கு ஆடியவர். ஜோடி ஸ்கேட்டிங்கில் எல்லை தாண்டுவது விதிவிலக்கு இல்லை, அதுவே ஒரு மரபாகிவிட்டது.

நம்ம பக்கம்

நம் ஊரில் பனி இல்லை. ஆனால் சக்கரம் உண்டு. ரோலர் ஸ்கேட்டிங்கிலும் இதே மாதிரி ஜோடிப் பிரிவு இருக்கிறது. 2010 குவாங்ஜோ ஆசிய விளையாட்டில் ஹைதராபாத்தின் அனுப் குமார் யாமா, அவனி பஞ்சால் ஜோடி அதில் இந்தியாவுக்கு வெண்கலம் வாங்கியது. அனுப் தனி ஆட்டத்திலும் வெண்கலம் வாங்கி, 2015ல் அர்ஜுனா விருது பெற்றார். வேகப் பந்தயத்தில் சென்னைப் பையன் ஆனந்த்குமார் வேல்குமார் 2025ல் சீனாவில் உலகச் சாம்பியனே ஆகிவிட்டார். வான்கூவரில் அல்யோனா வெண்கலம் வாங்கிய அதே 2010ல்தான் அனுப், அவனி வெண்கலமும். நம் பத்திரிகைகளில் இரண்டு வரிக்கு மேல் வந்திருக்காது.

கொடி விஷயத்தில் இந்தியா கறார். இந்தியப் பாஸ்போர்ட் உள்ளவர்கள் மட்டுமே இந்தியாவுக்கு ஆடலாம் என்று 2008 டிசம்பரில் மத்திய அரசு முடிவு செய்தது. அதற்கு முன் டேவிஸ் கோப்பையில் ஆடிய, நம்ம விஜய் அமிர்தராஜின் மகன் பிரகாஷ் மாதிரி அமெரிக்கப் பாஸ்போர்ட்காரர்களை அது நேராகத் தாக்கியது. ஓசிஐ அட்டை வைத்திருந்தால் ஆகாதா என்று கேட்பார்கள். ஆகாது. ஓசிஐ குடியுரிமை இல்லை, பெயரில்தான் "சிட்டிசன்" இருக்கிறது. ஊருக்கு வர விசா தேவையில்லை என்ற அளவுக்கு அது உதவும்.

இதை ஏன் இவ்வளவு விளக்குகிறேன் என்றால், நம் குழந்தைகள் இப்போது விளையாட ஆரம்பித்துவிட்டார்கள். பேட்மிண்டன், செஸ், நீச்சல், கிரிக்கெட், சில வீடுகளில் ஸ்கேட்டிங்கும். பத்து வயதில் எந்த பாஸ்போர்ட் என்பது யாருக்கும் முக்கியமாகத் தெரியாது. கிளப் அளவில் யாரும் கேட்கமாட்டார்கள். பதினாறு வயதில் திடீரென்று ஒரு ஃபாரம் வரும், அதில் ஒரு கட்டம் இருக்கும். அன்றைக்கு முதல் தடவையாக உட்கார்ந்து யோசித்தால் நேரம் போதாது. மாஸோவுக்கு மூன்று வருடம் ஆனது, அதுவும் ஐரோப்பாவுக்குள்ளேயே ஒரு நாட்டிலிருந்து இன்னொரு நாட்டுக்கு. இந்தியப் பாஸ்போர்ட்டை விட்டால் மறுபடி வாங்குவது சுலபமில்லை. அதனால் அந்தந்த விளையாட்டுச் சங்கத்தின் விதியை முன்பே படித்து வையுங்கள். உலகப் போட்டிக்கு ஒரு விதி, ஒலிம்பிக்ஸுக்கு ஒரு விதி, ஒரு முறை ஒரு நாட்டுக்கு ஆடிவிட்டால் காத்திருப்புக் காலம் எவ்வளவு, இந்த மூன்றும் முக்கியம். படித்ததைக் குழந்தையிடமும் சொல்லுங்கள். அவர்கள்தான் ஆடப் போகிறவர்கள்.

ஊரில் சித்தப்பா பெரியப்பாக்கள், "நம்ம நாட்டை விட்டுட்டு அவன் கொடிக்கு ஆடுறானா?" என்று கேட்பார்கள். கோபிக்க வேண்டாம். அந்தக் கேள்வியில் பாசமும் இருக்கிறது. அப்போது அல்யோனாவின் கதையைச் சொல்லுங்கள். அவர் உக்ரைனை வெறுத்துப் போகவில்லை, ஆட ஒரு ஆளைத் தேடிப் போனார். ஜெர்மனி அவருக்கு அதைச் சும்மா கொடுக்கவில்லை, காத்திருக்க வைத்து, மொழி கற்க வைத்து, கடைசி நேரத்தில்தான் கொடுத்தது. அவரும் அதற்குப் பதிலாக 66 வருடமாக வராத ஒன்றைக் கொண்டுவந்து கொடுத்தார்.

வார இறுதியில் பியோங்சாங் பெரிய ஆட்டத்தின் வீடியோவைக் குழந்தைகளோடு உட்கார்ந்து பாருங்கள். நாலரை நிமிடம்தான். தூக்குவது, வீசுவது எல்லாம் தானாகவே கண்ணில் படும். இரண்டு பேரும் கையை விட்டுவிட்டுத் தனித்தனியாக ஒரே நேரத்தில் குதிக்கும் இடத்தை மட்டும் கவனமாகப் பாருங்கள். முதல் நாள் தவறியது அங்கேதான்.